சிறுநீர்ப்பைக் கட்டுப்பாட்டுக்கான நரம்பு மின்தூண்டல்

சிறுநீர்ப்பைக் கட்டுப்பாட்டுக்கான நரம்பு மின்தூண்டல் என்பது, சிறுநீரை அடக்க இயலாதவர்களுக்கும் முழுமையாகக் கழிக்க இயலாதவர்களுக்கும், சிறுநீர்ப்பையோடு தொடர்புடைய நரம்புகளில் மெல்லிய மின்துடிப்புகளைச் செலுத்திச் செய்யப்படும் மருத்துவம் ஆகும். இதில் இரண்டு முறைகள் பரவலாக அறியப்பட்டவை. ஒன்று, முதுகின் அடியில் உள்ள திருவெலும்பின் துளை வழியாக ஒரு மின்முனையைச் செருகி, இதயமுடுக்கியை ஒத்த சிறு கருவியைப் புட்டத்தின் மேற்பகுதியில் தோலுக்கடியில் பொருத்தும் திருவெலும்பு நரம்புத் தூண்டல். மற்றொன்று, கணுக்காலின் உட்புறமாக ஓடும் டிபியல் நரம்பை ஊசி வழியாகவோ தோல்மேல் ஒட்டும் பட்டைகள் வழியாகவோ தூண்டும் முறை.

இம்மருத்துவம் சிறுநீர்ப்பையை மின்சாரத்தால் இயக்குவது என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. இங்கு செலுத்தப்படும் மின்னோட்டம் சில மில்லி ஆம்பியர் அளவே ஆகும். அது தசையை இழுப்பதில்லை. சிறுநீர்ப்பைக்கும் தண்டுவடத்துக்கும் மூளைக்கும் இடையே நடக்கும் செய்திப் போக்குவரத்தையே மாற்றுகின்றது. இதனால்தான் ஒருவருக்கு நன்கு பயன்படும் கருவி இன்னொருவருக்குச் சிறிதும் பயன்படாமல் போகின்றது.

சிக்கலின் வகைகள்

பேச்சுத்தமிழில் நீர்க்கடுப்பு, நீர்ச்சுருக்கு, நீர்க்கட்டு எனப் பல சொற்கள் உள்ளன. இவை எரிச்சலையும் சிறுநீர் வராமையையும் குறிக்கின்றன. அடக்க முடியாமைக்கு அவ்வாறு நிலைபெற்ற ஒரு சொல் இல்லை. மக்கள் அதனைச் சொல்லவே கூசுவதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். மருத்துவத்தில் இதனைப் பிரித்தறிவது மிகவும் தேவையானது, ஏனெனில் எல்லா வகைக்கும் மின்தூண்டல் பொருந்தாது.

இருமும்போதும் தும்மும்போதும் பாரம் தூக்கும்போதும் சிறிது கசிவது அழுத்தக் கசிவு ஆகும். இது மகப்பேற்றுக்குப்பின் இடுப்புத்தளத் தசைகள் தளர்ந்த பெண்களிடம் மிகுதி. திடீரென அடக்கவொண்ணாத உந்துதல் தோன்றி, கழிப்பறையை அடைவதற்குள் வெளியேறிவிடுவது உந்துதல் கசிவு. கசிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், இத்தகைய திடீர் உந்துதலும் அதனுடன் வழக்கமாக வரும் அடிக்கடி கழித்தல், இரவில் எழுதல் ஆகியவையும் சேர்ந்த நிலை மிகைச்செயல் சிறுநீர்ப்பை எனப்படுகின்றது. பன்னாட்டு அடக்கமின்மைக் கழகம் 2002ஆம் ஆண்டு இச்சொல்லுக்கு வரையறை வழங்கியது. மூன்றாவது வகை, வழியில் அடைப்பு ஏதும் இல்லாதபோதும் சிறுநீர்ப்பை காலியாகாத நீர்த்தேக்கம்.

நரம்பு மின்தூண்டல் பின்னிரண்டு வகைகளுக்கே உரியது. அழுத்தக் கசிவுக்கு இடுப்புத்தளப் பயிற்சியும் அறுவை மருத்துவமுமே வழி.

சிறுநீர்ப்பையின் நரம்பமைப்பு

வளர்ந்தோரின் சிறுநீர்ப்பை ஏறத்தாழ 400 முதல் 500 மில்லிலீட்டர் வரை கொள்ளும். நிரம்பும்போது அதன் தசைச்சுவர் தளர்ந்து விரிந்துகொடுக்கும், கீழேயுள்ள சுருக்குத்தசை இறுகி நிற்கும். கழிக்கும்போது இரண்டும் தலைகீழாக மாறும். சுவர் சுருங்க, சுருக்குத்தசை தளரும். இவ்விரண்டும் ஒரே நேரத்தில் ஒத்திசைந்து நடந்தாக வேண்டும்.

சுவரைச் சுருக்கும் ஆணையைக் கொண்டுவருவன தண்டுவடத்தின் 2, 3, 4ஆம் திருவெலும்பு நரம்புகள். புறச் சுருக்குத்தசையை ஆள்வதும் அதே மட்டத்திலிருந்து கிளம்பும் மற்றொரு நரம்பு ஆகும். சிறுநீர்ப்பை எவ்வளவு நிரம்பியுள்ளது என்ற செய்தியும் பெரும்பாலும் இவ்வழியாகவே மேலே செல்கின்றது. கழித்தலைத் தொடங்கும் மையம் மூளைத்தண்டில் உள்ளது. இதனை எஃப். ஜே. எஃப். பாரிங்டன் 1925இல் பூனைகளில் செய்த ஆய்வின் வழி விளக்கினார். அம்மையத்துக்கு மேலே பெருமூளையின் முன்பகுதி இருந்துகொண்டு, இடமும் வேளையும் பார்த்து, "இப்போது வேண்டாம்" என்று தடுக்கின்றது. குழந்தைகள் இரண்டு மூன்று வயதில் கற்றுக்கொள்வது இத்தடுப்பைத்தான்.

கட்டுப்பாட்டுப் பொறியியல் நோக்கில் இது ஒரு பின்னூட்டச் சுற்று ஆகும். உணரி, கட்டுப்படுத்தி, இயக்கி மூன்றும் இதில் உள்ளன. மிகைச்செயல் சிறுநீர்ப்பையில் இயக்கி பெரும்பாலும் நன்றாகவே உள்ளது. உணரியிலிருந்து வரும் குறிகையில் இரைச்சல் மிகுந்துவிடுகிறது, அல்லது கட்டுப்படுத்தியின் தடுப்பு வலுவிழந்துவிடுகிறது. 150 மில்லிலீட்டர் சேர்ந்ததுமே நிரம்பி வழிவது போன்ற செய்தி மேலே செல்கின்றது.

மின்தூண்டல் செயற்படும் விதம்

டிபியல் நரம்பு, இடுப்புப் பகுதியின் 4ஆம் தண்டுவட நரம்பிலிருந்து திருவெலும்பின் 3ஆம் நரம்பு வரையுள்ள வேர்களிலிருந்து உருவாகின்றது. அதாவது, கணுக்காலில் இருந்து மேலே செல்லும் உணர்ச்சி இழைகளுள் ஒரு பகுதி, சிறுநீர்ப்பையின் இழைகள் நுழையும் அதே தண்டுவடப் பகுதிக்குள் நுழைகின்றது. சிறுநீர்ப்பைக் கோளாறுக்குக் காலில் ஏன் மின்சாரம் பாய்ச்ச வேண்டும் என்ற வினாவுக்கு விடை இதுவே.

உணர்ச்சி இழைகளில் தாழ்ந்த அதிர்வெண்ணில் துடிப்புகள் சென்றுகொண்டிருந்தால், தண்டுவடத்தில் சிறுநீர்ப்பையின் தன்னிச்சையான மறிவினை தணிகின்றது என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். மூளை ஒளிப்படங்களிலும் மாற்றங்கள் காணப்பட்டுள்ளன. ஆயினும் முழு விளக்கம் இன்னும் கிட்டவில்லை. ஒரே கருவி, மிகையாகச் செயற்படும் பையை அடக்கவும், செயற்படாத பையை எழுப்பவும் உதவுவது இத்துறையின் வியப்பான செய்தி. நீர்த்தேக்கத்தில், சுருக்குத்தசையிலிருந்து கிளம்பும் மிகையான தடுப்புச் செய்தியைத் தூண்டல் நீக்குகிறது என்று கருதப்படுகின்றது. இலண்டனில் கிளேர் ஃபௌலர் விவரித்த, இளம்பெண்களுக்கு வரும் நீர்த்தேக்க நோய் இதற்கு எடுத்துக்காட்டு. அந்நோயாளிகளுக்குத் திருவெலும்பு நரம்புத் தூண்டல் நல்ல பயன் தந்துள்ளது.

வரலாறு

டென்மார்க்கைச் சேர்ந்த சாக்ஸ்டோர்ஃப் 1878இல் சிறுநீர்ப்பைக்குள்ளேயே மின்முனையைச் செலுத்தி நீர்த்தேக்கத்துக்கு மருத்துவம் செய்தார். அதன்பின் நெடுங்காலம் இத்துறையில் பெரிய முன்னேற்றம் இல்லை. 1963இல் இங்கிலாந்தின் கால்டுவெல், சுருக்குத்தசையில் மின்முனைகளைப் பதித்து அடக்கமின்மையைக் கட்டுப்படுத்தியதை வெளியிட்டார்.

தண்டுவடம் முறிந்தவர்களுக்காக கைல்ஸ் பிரிண்ட்லி வேறொரு பாதையில் சென்றார். அவர் உருவாக்கிய கருவி திருவெலும்பு நரம்புகளின் முன்வேர்களை, அதாவது ஆணை கொண்டுசெல்லும் வேர்களைத் தூண்டிச் சிறுநீரை வெளியேற்றுவது. 1978 முதல் இது நோயாளிகளுக்கு வெற்றிகரமாகப் பொருத்தப்பட்டது. இதனுடன் பின்வேர்களை வெட்டிவிடுவதும் வழக்கம். முன்னே கூறிய "சிறுநீர்ப்பையை இயக்கும்" கருவி என்ற எண்ணம் உண்மையில் பொருந்துவது இந்த ஒன்றுக்கே.

இன்று பயன்படும் திருவெலும்பு நரம்புத் தூண்டல், சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் எமில் தனாகோ, ரிச்சர்டு சுமித் ஆகியோர் விலங்குகளிலும் பின்னர் மனிதரிலும் செய்த பணியின் விளைவு. அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் இதனை 1997இல் உந்துதல் கசிவுக்கும், 1999இல் அடிக்கடி கழித்தலுக்கும் அடைப்பில்லாத நீர்த்தேக்கத்துக்கும் ஏற்றது. மெட்ரானிக் நிறுவனத்தின் இன்டர்ஸ்டிம் கருவி நெடுங்காலம் இத்துறையில் தனித்து நின்றது. 2019இல் ஆக்சோனிக்ஸ் நிறுவனத்தின் மீள்மின்னேற்றக் கருவி அமெரிக்காவில் ஏற்கப்பட்டபின் போட்டி உருவாயிற்று. ஆக்சோனிக்சை 2024இல் பாஸ்டன் சயின்டிபிக் வாங்கியது.

கணுக்கால் முறையை 1983இல் எட்வர்டு மெக்குவயர் விவரித்தார். சீன அக்குபங்சரில் கணுக்காலுக்கு மேலுள்ள ஒரு புள்ளி இடுப்பு உறுப்புகளுக்குரியதாகக் கருதப்படுவது இதற்குத் தூண்டுகோலாக இருந்தது. மார்சல் ஸ்டோலர் இதனை ஊசி முறையாகச் செம்மைப்படுத்தினார். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் இதற்கு ஒப்புதல் கிடைத்தது.

திருவெலும்பு நரம்புத் தூண்டல்

இம்முறையின் சிறப்பு, நிலையான கருவியைப் பொருத்துவதற்கு முன் சோதித்துப் பார்க்க முடிவது. நோயாளி குப்புறப் படுத்திருக்க, திருவெலும்பின் மூன்றாம் துளை வழியாக ஊசி செலுத்தப்பட்டு மின்துடிப்பு கொடுக்கப்படுகின்றது. ஆசனவாயைச் சுற்றிய தசைகள் உள்ளிழுப்பதும் காலின் பெருவிரல் மடங்குவதும் சரியான நரம்பைத் தொட்டதற்கு அடையாளம். பாதம் முழுவதும் திரும்பினால் இரண்டாம் நரம்பு, விரல் அசையவே இல்லையெனில் நான்காம் நரம்பு எனக் கொள்வர்.

பின்னர் மின்முனையை உடலுக்கு வெளியேயுள்ள சிறு கருவியோடு இணைத்து, சில நாட்கள் முதல் இரண்டு வாரங்கள் வரை வீட்டிலிருந்தபடியே பார்க்கின்றனர். அந்நாட்களில் நோயாளி குறிப்பேடு எழுத வேண்டும். கசிவோ கழிக்கும் முறையோ பாதிக்கு மேல் குறைந்தால் மட்டுமே நிலையான கருவி பொருத்தப்படும். குறையாவிட்டால் மின்முனை எடுக்கப்பட்டுவிடும். நோயாளிக்கு இது ஒரு பெரிய பாதுகாப்பு ஆகும்.

துடிப்பின் அதிர்வெண் வழக்கமாக நொடிக்கு 14, ஒரு துடிப்பின் நீளம் 210 மைக்ரோநொடி. மீள்மின்னேற்றம் இல்லாத பழைய கருவிகளை ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளில் அறுவை செய்து மாற்ற வேண்டியிருந்தது. மீள்மின்னேற்றக் கருவிகள் 15 ஆண்டுகள் உழைக்குமாறு வடிவமைக்கப்பட்டுள்ளன. காந்த ஒத்ததிர்வுப் படம் எடுப்பது முன்பு தடைசெய்யப்பட்டிருந்தது. புதிய கருவிகள் சில நிபந்தனைகளுடன் அதனை இடந்தருகின்றன.

பயனைப் பொறுத்தவரை, சுமித் முதலானோர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், கருவி பொருத்தப்பட்ட 34 பேரில் 16 பேருக்கு ஆறு மாத முடிவில் கசிவு முற்றிலும் நின்றது. மேலும் 10 பேருக்குப் பாதிக்கு மேல் குறைந்தது. இவர்கள் சோதனைக் கட்டத்தில் தேறியவர்கள் என்பதை மறவாது இவ்வெண்களைப் படிக்க வேண்டும். 2016இல் வெளியான ரோசெட்டா ஆய்வு, மருந்துக்கு அடங்காத உந்துதல் கசிவுள்ள பெண்களிடம் இக்கருவியைச் சிறுநீர்ப்பைக்குள் இடும் போட்டாக்ஸ் ஊசியோடு ஒப்பிட்டது. நாளொன்றுக்குச் சராசரிக் கசிவு போட்டாக்சில் 3.9 முறையும் கருவியில் 3.3 முறையும் குறைந்தது. ஆனால் சிறுநீர்த்தொற்று போட்டாக்ஸ் பெற்றவர்களில் 35 விழுக்காட்டினருக்கும், கருவி பெற்றவர்களில் 11 விழுக்காட்டினருக்கும் வந்தது.

மின்முனை இடம்பெயர்தல், கருவி இருக்கும் இடத்தில் வலி, தொற்று ஆகியவை குறைபாடுகள். மறு அறுவை தேவைப்படுவது அரிதன்று. விலையும் பெருந்தடை ஆகும். கருவிக்கும் அறுவைக்கும் சேர்த்துப் பல இலட்சம் ரூபாய் ஆகும்.

கணுக்கால் வழித் தூண்டல்

ஊசி முறையில், உட்கணுக்கால் எலும்புக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் மேலே மெல்லிய ஊசி ஒன்று செருகப்படும். பாதத்தில் ஒரு மின்பட்டை ஒட்டப்படும். நொடிக்கு 20 துடிப்பு, ஒவ்வொன்றும் 200 மைக்ரோநொடி. மின்னோட்டம் மெல்லக் கூட்டப்படும்போது பெருவிரல் மடங்கும் அல்லது விரல்கள் விரியும், உள்ளங்காலில் கூச்சம் தோன்றும். அதற்குச் சற்றுக் கீழே நிறுத்திவிட்டு 30 நிமிடம் அமர்ந்திருக்க வேண்டும். வாரம் ஒருமுறை, 12 வாரங்கள். பயன் தெரிந்தால் பின்னர் மாதம் ஒருமுறை தொடர வேண்டியிருக்கும். ஐந்தாறு அமர்வுகளுக்கு முன் மாற்றம் தெரியாதது வழக்கமே.

2010இல் வெளியான சுமிட் ஆய்வு இம்முறையைப் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டது. 220 பேர் பங்கேற்றனர். தோலைத் துளைக்காத மழுங்கிய ஊசியும், வேறிடத்தில் சிறு மின்கூச்சமும் தந்து, எது உண்மை எது போலி என நோயாளி அறியாவண்ணம் செய்தனர். உண்மைச் சிகிச்சை பெற்றவர்களில் 54.5 விழுக்காட்டினரும், போலிச் சிகிச்சை பெற்றவர்களில் 20.9 விழுக்காட்டினரும் நல்ல முன்னேற்றம் கண்டதாகக் கூறினர். வேறுபாடு தெளிவானது. அதேவேளை, ஒன்றும் செய்யாமலேயே ஐவரில் ஒருவர் தேறியதாக உணர்ந்ததும் கவனிக்கத்தக்கது. "எனக்குச் சரியாயிற்று" என்ற தனிமனிதர் சான்றுகளை இவ்வளவில்தான் ஏற்க வேண்டும்.

ஊசியின்றித் தோல்மேல் பட்டை ஒட்டும் முறைக்குப் பிசியோதெரபி நிலையங்களில் உள்ள டென்ஸ் கருவியே போதும். ஒரு பட்டை உட்கணுக்காலின் பின்புறமும் மற்றொன்று அதற்கு 10 சென்டிமீட்டர் மேலேயும் ஒட்டப்படும். மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் அக்கருவியில் பெரும்பாலும் நொடிக்கு 80 முதல் 100 வரை துடிப்புகள் வைக்கப்படுகின்றன. சிறுநீர்ப்பைக்கு 10 முதல் 20 வரையே வேண்டும். ஆகையால் வீட்டிலுள்ள வலிக்கருவியை அப்படியே காலில் மாட்டிக்கொள்வதால் பயனில்லை.

இத்தோல்மேல் முறைக்கான சான்று ஒரே சீராக இல்லை. சிறு ஆய்வுகள் பல நற்பயனைக் காட்டின. ஆனால் பிரித்தானிய முதியோர் இல்லங்களில் நடந்து 2021இல் வெளியான பெரிய ஆய்வில் போலிச் சிகிச்சையை விட மேலான பயன் எதுவும் காணப்படவில்லை. பிரித்தானியாவின் நைசு அமைப்பு 2019ஆம் ஆண்டு வழிகாட்டியில் பெண்களின் மிகைச்செயல் சிறுநீர்ப்பைக்குத் தோல்மேல் முறையைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றது. ஊசி முறையையும் பிற வழிகள் முடிந்த பின்னரே ஏற்றது. அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் 2024 வழிகாட்டியோ, பயிற்சி, மருந்து, பின்னரே பிற முறைகள் என்ற படிவரிசையையே கைவிட்டது. நோயாளியோடு கலந்து எதையும் தேர்ந்தெடுக்கலாம் என்கிறது. முதியோர் சிலருக்கு ஆக்சிபியூட்டினின் போன்ற மருந்துகள் வாய் உலர்தலையும் நினைவுத் தடுமாற்றத்தையும் தருவதால் இம்மாற்றம் பொருளுடையதே.

வாராவாரம் வருவதைத் தவிர்க்க, கணுக்காலிலேயே பதிக்கும் கருவிகளும் வந்துள்ளன. நாணய அளவிலான ஈகாயின் 2022இலும், ரேவி 2023இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. சிறுவர்களுக்குத் திருவெலும்பின் மேல் தோலில் பட்டை ஒட்டித் தூண்டும் முறை பிரேசிலில் நன்கு ஆராயப்பட்டுள்ளது.

பயன்படாத இடங்கள்

சிறுநீர்த்தொற்று, சிறுநீர்ப்பைக் கல், புற்றுநோய், காசநோயால் சுருங்கிப்போன சிறுநீர்ப்பை ஆகிய எல்லாவற்றிலும் அடிக்கடி கழித்தல் உண்டு. இவற்றில் தூண்டல் பயன்தராது, உண்மையான மருத்துவத்தைத் தாமதப்படுத்தவும் கூடும். சிறுநீரில் குருதி கண்டால் முதலில் அதன் காரணம் அறியப்பட வேண்டும். கடினமான மகப்பேற்றுக்குப்பின் இரவும் பகலும் இடைவிடாது ஒழுகுவது புரைவழியாக இருக்கலாம். அதற்கு அறுவையே தீர்வு. புராஸ்டேட் வீக்கத்தால் வரும் தேக்கத்துக்கும் இது மருத்துவம் அன்று.

இதயமுடுக்கி பொருத்தியவர்கள், கருவுற்ற பெண்கள் ஆகியோருக்குக் கணுக்கால் தூண்டல் செய்வதில்லை. குருதி உறையாமைக் கோளாறு உள்ளவர்களுக்கு ஊசி முறை கூடாது. தண்டுவடம் முழுமையாக முறிந்தவர்களுக்குத் திருவெலும்பு நரம்புத் தூண்டலால் பயன் குறைவு. அவர்களுக்குக் குறித்த நேரங்களில் தாமே குழாய் செருகிச் சிறுநீர் எடுக்கும் முறையே அடிப்படை. இதனை 1972இல் ஜாக் லாப்பிடீஸ் பரவலாக்கினார்.

நீரிழிவு நோயாளிகளிடம் சிக்கல் இருபுறமும் உள்ளது. சர்க்கரை மிகுந்தால் சிறுநீரின் அளவே மிகுகின்றது. அதற்கு வேண்டியது சர்க்கரைக் கட்டுப்பாடு. ஆண்டுகள் பல சென்றபின் நரம்பு பழுதுபட்டு, நிரம்பியதே தெரியாமல் தேங்கி வழிகின்றது. வெளியே இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். சென்னையிலுள்ள மதராசு நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நடத்தி 2023இல் வெளியிட்ட கணிப்பின்படி இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்கின்றனர். ஆகவே இவ்வேறுபாடு இங்கே ஏட்டளவிலானது அன்று.

அம்பத்தூரும் சென்னையின் மேற்குப் புறநகரும்

ஒரு மருத்துவம் கிடைப்பது வேறு, அதனைப் பெற இயலுவது வேறு. 1964இல் தொடங்கப்பட்ட அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சார்ந்து வாழ்வோரை எடுத்துக்கொள்ளலாம். இங்குள்ள பட்டறைகளிலும் ஆயத்த ஆடை நிறுவனங்களிலும் வேலை முறைமாற்று நேரங்களில் நடக்கின்றது. வரிசையில் நின்று செய்யும் வேலையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுவதே கண்ணில் படும். மிகைச்செயல் சிறுநீர்ப்பை உள்ளவர் நாளில் எட்டு முறைக்கும் மேல் எழ வேண்டியிருக்கும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 19ஆம் பிரிவு, வேலை நேரம் முழுவதும் தொழிலாளர் அணுகக்கூடிய கழிப்பிடங்கள் இருக்க வேண்டும் என விதித்தது. ஆனால் கழிப்பிடம் இருப்பதும் மேற்பார்வையாளரின் முகம் பார்க்காமல் அங்கே போக முடிவதும் ஒன்றல்ல. தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வதே பலர் கண்டுகொள்ளும் வழி. அதனால் சிறுநீர் செறிந்து பை மேலும் எரிச்சலடைகின்றது, தொற்றும் எளிதில் வருகின்றது.

ஊசி முறையின் 12 வாரங்களை இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். அம்பத்தூரிலிருந்து புறநகர்த் தொடர்வண்டியில் சென்ட்ரல் சென்றால் எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை உள்ளது. சிறுநீரியல் துறையும் அங்கு உண்டு. ஆனால் புறநகர் மின்வண்டிகளில் கழிப்பறை இல்லை. அவசர உந்துதல் உள்ள ஒருவருக்கு அந்தப் பயணமே ஒரு சோதனை. முப்பது நிமிட அமர்வுக்காக வாரம் ஒரு வேலை நாள் இழக்கப்பட்டால், மூன்று மாதத்தில் 12 நாள் கூலி போகின்றது. கருவியின் விலையைப் பற்றிய பேச்சில் இச்செலவு கணக்கில் வருவதேயில்லை. இடுப்புத்தளப் பயிற்சியும், கழிக்கும் இடைவெளியைக் கால்மணி காலமணியாக நீட்டும் சிறுநீர்ப்பைப் பழக்கமும், தேநீர், காப்பியைக் குறைத்தலும் செலவின்றி வீட்டிலேயே செய்யத்தக்கவை என்பதால், இவற்றை முதலில் முழுமையாகச் செய்து பார்ப்பது இத்தகையோருக்கு மிகவும் பொருந்தும். தோல்மேல் தூண்டல் சான்றில் தளர்ந்ததாயினும், பிசியோதெரபி மருத்துவர் இடமும் அளவும் காட்டிக்கொடுத்தபின் வீட்டில் தொடரக்கூடியது. பொதுவாகத் தீங்கற்றதும்கூட. அதனால் அதனை அடியோடு ஒதுக்கிவிடவும் இயலாது.

எந்த முறையாயினும் மருத்துவர் முதலில் கேட்பது மூன்று நாள் சிறுநீர்க் குறிப்பேடு ஆகும். கழித்த நேரம், அளவுக்குவளையில் அளந்த மில்லிலீட்டர், அடக்க முடியாத உந்துதல் இருந்ததா, கசிந்ததா, என்ன குடித்தது, எவ்வளவு குடித்தது ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். அத்துடன் சிறுநீர்ச் சோதனை, குருதிச் சர்க்கரை, கழித்தபின் பையில் எஞ்சியுள்ள அளவைக் காட்டும் அல்ட்ராசவுண்டு ஆகியவை செய்யப்படுகின்றன.